கத்தியின் மேல் ஒரு கட்டைவிரல்

என் அக்காவின் கணவருக்கு வேலை செய்யும் இடத்தில் 'உப்புக்கை' என்று பெயர். வெர்னியர், மைக்ரோமீட்டர் போன்ற அளவுக் கருவிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் பட்டறை அது. சேர்ந்த புதிதில் அத்தான் வெறுங்கையால் எடுத்து வைத்த எஃகுக் கட்டைகளில் மறுநாள் காலை அவருடைய விரல்கள் பழுப்பாகப் பதிந்திருந்தன. மற்றவர்கள் தொட்ட கட்டைகளில் ஒன்றும் இல்லை. சிலருடைய வியர்வை அப்படி, இரும்பைத் தின்னும். மேற்பார்வையாளர் ஒரு கட்டையைத் தூக்கிக் காட்டி, "யாருப்பா இது? கடல்ல இருந்து நேரா வேலைக்கு வந்தவன்?" என்று கேட்டாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அத்தான் கையுறை இல்லாமல் எஃகைத் தொட்டதில்லை.

அப்படிப்பட்டவர் எதற்காகப் பழைய பட்டாளத்துக் குத்துவாள்களைத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும் என்பது அக்காவுக்கு இன்றுவரை புரியாத விஷயம். "சர்க்கரை வியாதிக்காரர் மிட்டாய்க் கடை வெச்ச மாதிரி இருக்கு" என்பாள். நான் வேலை நிமித்தமாக அவர்களோடு தங்கியிருந்தேன். என் கட்டிலுக்கு எதிரேதான் அந்தக் கண்ணாடி அலமாரி. ஏலத்தில் எடுத்தது, பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே கிடைத்தது, துப்பாக்கி முனையில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டு எந்தத் துப்பாக்கியிலும் மாட்டப்படாமலே போனது என்று அதற்குள் ஒவ்வொன்றும் தனித்தனித் துணியில் படுத்திருக்கும். பக்கத்திலேயே அவற்றின் தோலுறைகள். கத்தியை உறைக்குள் போட்டு வைக்க அத்தான் விடமாட்டார். பதப்படுத்திய தோல் ஈரத்தை இழுத்து இழுத்து அலகை அரித்துவிடும் என்பார்.

"பக்கத்துல பக்கத்துல இருக்கணும், ஆனா சேரக் கூடாது" என்று ஒருமுறை எனக்கு விளக்கினார்.

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "எங்க ரெண்டு பேரைத்தான் சொல்றாரு, கேட்டுக்க."

புது செருப்புப் பெட்டியிலும் மருந்துக் குப்பியிலும் போட்டு வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதற்காக அத்தான் கடை கடையாக ஏறி இறங்குவார். செருப்பு வாங்காமல் பொட்டலம் மட்டும் கேட்கும் ஆள் என்று கடைவீதியில் அவரைத் தெரியும்.

சுத்தம் என்ற சொல்லை அத்தான் முன்னால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கெல்லாம் சுத்தம் என்றால் பளபளப்பு. அவருக்கு அப்படியில்லை. சிவப்பாகப் பொடி உதிரும் துருவை அவர் 'உயிரோட இருக்கிற துரு' என்பார். அதை எண்ணெயில் ஊறவைத்து, பஞ்சு போன்ற இரும்பு இழையால் பொறுமையாக எடுப்பார். கறுத்துப் போய் அலகோடு ஒட்டிக் கிடப்பது அடங்கின துரு. அதைத் தொடமாட்டார். "அது அதோட வயசு. வயசைச் சுரண்டி எடுத்தா அப்புறம் அது எந்தக் கத்தி?" என்பார். கடைசியில் ஒரு மெழுகை மிக மெல்லிசாகப் பூசித் துடைப்பார். அவ்வளவுதான் அவருடைய சுத்தம். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அவர் ஒன்றும் செய்யாத மாதிரியே தெரியும்.

மேல்வீட்டில் தனியாக இருக்கும் நர்ஸம்மா ஒரு மாலை துண்டில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் அவருக்கு எதிரில் வருபவர்கள் எல்லோரும் நோயாளிகள்தான். என்னைப் பார்த்ததும், "கண்ணு உள்ள போயிருக்கு. தூங்குறியா இல்லையா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் துண்டை மேசைமேல் விரித்தார்.

கறுத்த தோலுறை. பித்தளை வளையம் பச்சை பூத்திருந்தது. மரக் கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணனோடது. பட்டாளத்துல இருந்து வந்தப்ப கொண்டு வந்தான். கிரீஸ் தடவி உறையில போட்டுப் பெட்டிக்குள்ள வெச்சவன்தான், அப்புறம் எடுக்கவே இல்ல. இப்ப வரவே மாட்டேங்குது. ரெண்டு பேர் பிடிச்சு இழுத்துப் பாத்தாச்சு."

"இழுத்தீங்களா!" என்றார் அத்தான், யாரையோ அடித்ததாகக் கேள்விப்பட்டவர் போல.

"அண்ணன் போன வருஷம் போயிட்டான். அவன் பையன் வெளியூர்ல இருந்து வரான், அவன்கிட்ட ஒப்படைக்கணும். ஒண்ணு சொல்லிடறேன் தம்பி. வாங்கின நாள்ல இருந்து இந்தக் கத்தியோட அலகுல அண்ணன் கையைத் தவிர வேற யார் கையும் பட்டதில்ல. சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவான். பையனுக்கும் அதுதான் பெருமை. உன்னைப் பத்திக் கேள்விப்பட்டதாலதான் குடுக்கறேன். நீ கையுறை போட்டுத்தான் தொடுவியாமே?"

"ஆமா நர்ஸம்மா. கை படாது."

அந்த இரண்டு சொற்களை அவர் எத்தனை முறை நினைத்து நொந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது.

உறையின் வாயில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இறங்கட்டும் என்று நிமிர்த்தி வைத்தார். வேலை முடிந்து வந்ததும் கைப்பிடியைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்ப்பார். வரவில்லை என்றால் மறுபடி சொட்டு. "இழுக்கக் கூடாது. வரியான்னு கேக்கணும். வரலேன்னா விட்டுட்டு நாளைக்குக் கேக்கணும்" என்றார்.

"என்கிட்ட இதுல பாதிப் பொறுமையா என்னைக்காவது பேசியிருக்கீங்களா?" என்றாள் அக்கா.

ஒரு மாலை அது வந்துவிட்டது. நாள்பட்ட ஊறுகாய்ப் புட்டியின் மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அலகு முழுவதும் பழைய கிரீஸ் காய்ந்து, பழுப்புக் கோந்து போல இறுகியிருந்தது. உள்ளே எஃகு அடிபடாமல் இருந்தது. அத்தான் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் கிரீஸை இளக்கி இளக்கித் துடைத்தார். பித்தளையில் பூத்திருந்த பச்சைக் களிம்பைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தார். இருட்டியதும் துணியால் மூடி வைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். அன்று வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்து துணியை விலக்கியவர், "ஐயோ" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, அலகின் மேல், பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல். கோடு கோடாக, சுழி சுழியாக, மை ஒற்றி வைத்தது போல.

அத்தான் குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். முந்தின நாள் கழற்றிப் போட்ட கையுறையை எடுத்து விரித்தார். மண்ணெண்ணெயில் ஊறிய பருத்தி, கட்டைவிரல் நுனியில் பொத்தலாகி இருந்தது. அதற்குள் தன் விரலை விட்டுப் பார்த்தார். விரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"என் கைதான்" என்றார். "ஒரு ராத்திரி போதும் என் கைக்கு."

அக்கா எட்டிப் பார்த்தாள். "கத்தியில கைரேகை. இனிமே போலீஸ் வர்றது ஒண்ணுதான் பாக்கி" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவள் உடனே குரலை இறக்கி, "என்னங்க, துடைச்சா போகாதா?" என்று கேட்டாள்.

"இது அழுக்கில்ல. எஃகைத் தின்னுட்டுப் போயிருக்கு. துடைச்சா போகாது. தேய்ச்சாத்தான் போகும்."

தேய்ப்பதற்கான பசை அவரிடம் இருந்தது. முதலில் தன்னுடைய கத்தி ஒன்றில் தேய்த்துப் பார்த்தார். கறை போயிற்று. ஆனால் அந்த இடம் மட்டும் சொட்டைத் தலை மாதிரி பளிச்சென்று மின்னியது. அதோடு நர்ஸம்மாவின் கத்தியில் அந்தக் கட்டைவிரலுக்கு அடியில்தான் சின்னதாக அவர் அண்ணனின் பட்டாளத்து எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஏற்கெனவே பாதி மங்கியவை. ரேகையைத் தேய்த்தால் எண்ணும் போய்விடும். அப்புறம் அது யாருடைய கத்தி என்பதற்கு இருந்த ஒரே அடையாளமும் இருக்காது. பஞ்சில் பசையைத் தொட்டு அலகின் அருகே கொண்டுபோவார், திரும்ப வைத்துவிடுவார். நான் என் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்த நாட்களில் வீட்டில் மாடிப்படிச் சத்தத்துக்குத் தகுந்த மாதிரிதான் எல்லாம் நடந்தது. நர்ஸம்மாவின் செருப்பு ஒரு படியில் தட்டி அடுத்த படியில் இழுபடும். அந்தச் சத்தம் கேட்டதும் அத்தான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார். "கொலை பண்ணிட்டு ஒளிஞ்சிருக்கிறவர்கூட இத்தனை தடவை குளிக்க மாட்டாரு" என்று அக்கா என்னிடம் கிசுகிசுத்தாள். ஆனால் அவளுக்கும் பயம் தொற்றியிருந்தது. தட்டில் வைத்த சோற்றைப் பாதியில் விட்டு அவர் கை கழுவப் போனபோது தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஒரு காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது நர்ஸம்மா படியிலேயே பிடித்துவிட்டார்.

"முடிஞ்சுதா தம்பி?"

"ஆச்சு, ஆச்சு. காயுது."

"காயுதா? கத்தியைக் கொடியிலயா போட்டிருக்க?"

"இல்ல... மெழுகு. மெழுகு காயணும்."

"நாக்கை நீட்டு."

நடுப்படியில் நின்று, கையில் சாப்பாட்டுப் பையோடு, அத்தான் நாக்கை நீட்டினார். "வயிறு சரியில்ல உனக்கு. சுடுதண்ணி குடி" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போனார்.

அன்று மாலை அத்தான் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். மெழுகு பூசிவிட்டால் ரேகை கொஞ்சம் அமுங்கும். விளக்குக்கு நேராகப் பிடித்தால்தான் தெரியும். சொல்லாமலே கொடுத்துவிடலாம். பையன் ஊருக்குக் கொண்டுபோய்விடுவான். "ஆனா என்னைக்காவது ஒருநாள் விளக்குக்கு நேரா பிடிப்பான்ல? அப்பாவோட கைன்னு நினைச்சுக் கும்பிட்டாலும் கும்பிடுவான். என் கையைப் போய்!" அந்த எண்ணம்தான் அவரை அதிகம் வாட்டியது. திட்டு வாங்குவதைவிட, தன் கட்டைவிரலை யாரோ ஒருவன் தன் தகப்பனுடையதென்று வைத்துப் போற்றுவான் என்பது அவருக்குத் தாங்கவில்லை.

"அப்போ சொல்லிடுங்க" என்றாள் அக்கா.

"சொல்லிடறேன்" என்றார். சொல்லவில்லை.

விடுமுறை நாளன்று காலை நர்ஸம்மாவே வந்துவிட்டார். "பையன் கிளம்பிட்டானாம். மதியத்துக்குள்ள வந்துடுவான். எடு தம்பி."

குளியலறையில் அப்போது நான் இருந்தேன். அத்தானுக்கு ஒளிய இடமில்லை. நான் வெளியே வந்தபோது அவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கத்தி துணியில் கிடந்தது.

"நர்ஸம்மா, தப்பு நடந்துபோச்சு. கை பட்டுடுச்சு. கையுறை கிழிஞ்சிருந்ததைப் பாக்கலை. என் கை சாதாரணக் கை இல்ல, தொட்டா அரிச்சிடும். உங்க அண்ணன் கையைத் தவிர யார் கையும் படலைன்னு சொன்னீங்க. இப்ப என் கை பட்டுடுச்சு." சொல்லிக்கொண்டே தன் கட்டைவிரலை நீட்டினார், முத்திரை வைக்கப் போகிறவர் மாதிரி.

நர்ஸம்மா அவரைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "பெரிசாக் காட்டுற கண்ணாடி இருந்தா குடும்மா" என்று என்னிடம் கேட்டார். அத்தானுடைய பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். வெளியே ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அத்தான் ஜன்னலைப் பார்த்தார். வேறு யாரோ.

"உன் விரலை இதுக்குப் பக்கத்துல வை. தொடாம வை."

வைத்தார்.

"இது உன் விரலா?"

"ஆமா நர்ஸம்மா."

"கண்ணைத் திறந்து பாத்துட்டுச் சொல்லு. உன் கட்டைவிரல் கத்திரிக்கா மாதிரி இருக்கு. இது எவ்வளவு சின்னது பாரு. நான் பிரசவ வார்டுல எத்தனையோ பிள்ளைங்க காலை மையில ஒத்தி எடுத்தவ. இது சின்னப் பிள்ளை விரல்."

அத்தான் இழுப்பறையைத் திறந்து வெர்னியரை எடுத்தார். துணிக்கு மேலாகப் பிடித்து ரேகையின் அகலத்தை அளந்தார். தன் விரலை அளந்தார். மறுபடியும் ரேகையை அளந்தார். ரேகை அவருடைய விரலில் முக்கால்கூட இல்லை. வேலை நேரம் முழுவதும் தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசத்தை அளப்பவர். இதை மட்டும் அவர் அளந்து பார்க்கவே இல்லை. பயத்தில் அதை நேராகப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

"அப்போ இது கிரீஸுக்கு அடியிலேயே இருந்திருக்கு" என்றார் மெதுவாக. "நான் துடைச்சதுல வெளிய வந்திருக்கு. இருட்டிப்போனதால அன்னைக்குக் கண்ணுல படல." நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அக்கா, "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

ஆனால் நர்ஸம்மா இன்னும் குனிந்தபடியே இருந்தார். இடது கையை மெல்ல நீட்டினார். கைப்பிடியைப் பிடிப்பது போல, ஆனால் பிடிக்காமல், காற்றில் விரல்களை மடக்கினார். அவருடைய இடது கட்டைவிரல் அந்த ரேகைக்கு நேர் மேலே வந்து நின்றது. அதே சாய்வு, அதே பக்கம்.



"எங்க வீட்டுல நான் ஒருத்திதான் இடதுகை" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அண்ணன் குளிக்கப் போயிருந்தான். கூர் பக்கம் பட்டுடும்னு பயந்து இப்படித்தான் பிடிச்சேன். உடனே வெச்சிட்டேன். ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சேன். மறந்தே போயிட்டேன் தம்பி."

அவர் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டார். அத்தானிடமிருந்து இறங்கிய பயம் அவர் மேல் ஏறியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

"வேற யார் கையும் படலைன்னு அவன் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தான். நானும் கூட நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டியிருக்கேன். இப்ப பையன் வந்து கேட்டா என்ன சொல்ல? தேய்ச்சு எடுத்துடேன். உன்னால முடியும்ல?"

"முடியும். ஆனா உங்க அண்ணன் நம்பரும் சேர்ந்து போயிடும்."

"போனா போகட்டும். எடுத்துடு."

அத்தான் பசைக் குப்பியை எடுத்தார். மூடியைத் திறந்தார். இத்தனை நாளும் எதைச் செய்யத் துணியாமல் தவித்தாரோ அதைச் செய்யச் சொல்லி உரியவரே உத்தரவு கொடுத்துவிட்டார். பஞ்சில் பசையைத் தொட்டார். ஆனாலும் குனியவில்லை. "நர்ஸம்மா," என்றார், "ஒரு விஷயம். இதை எடுத்துட்டா அப்புறம் வைக்க முடியாது."

நர்ஸம்மா பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. பெரிய உடம்பும் சின்னக் குரலுமாக ஒருவர் நின்றார். மேலே பூட்டியிருந்ததால் கீழே விசாரிக்க வந்திருந்தார். "அத்தை!" என்றவர், கத்தியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "வெளிய வந்துடுச்சா? நான் இதோட அலகைப் பாத்ததே இல்லையே." மேசைக்கு வந்து குனிந்தார். ஜன்னல் வெளிச்சம் நேராக அலகின் மேல் விழுந்தது.

"இது என்ன கறை?"

அத்தான் எழுந்தார். கையில் பஞ்சு இருந்தது. "அது வந்து சார், என்..." என்று ஆரம்பித்தார். அந்தப் பழியைத் தானே ஏற்றுக்கொள்ளத் தயாராகிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. பல நாளாகச் சுமந்து பழகியதுதானே.

"என் விரல்" என்றார் நர்ஸம்மா.

அண்ணன் மகன் திரும்பிப் பார்த்தார்.

"பத்து வயசு இருக்கும் எனக்கு. உங்க அப்பா பாக்காதப்ப தொட்டேன். அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னது பொய்யில்ல, அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அண்ணன் மகன் மறுபடி குனிந்து அந்தக் கறையைப் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கேட்டார்: "ஏன் அத்தை தொட்டீங்க?"

"தெருவுல இருந்த அத்தனை பசங்களுக்கும் காட்டினான். கையில குடுக்காம தூரமா வெச்சுக் காட்டினான். நான் போனா மட்டும் 'பொட்டப்பிள்ளைக்கு இங்க என்ன வேலை, உள்ள போ'ன்னான். எனக்கும் பாக்கணும்னு இருந்துச்சுப்பா."

அண்ணன் மகன் துணியோடு கத்தியை எடுத்தார். கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினார். நர்ஸம்மா கையைத் துண்டில் ஒருமுறை துடைத்துவிட்டு, இடது கையால் வாங்கினார். எடை பார்ப்பது போல மெல்ல ஏற்றி இறக்கினார். அலகைத் திருப்பினார். வெறுங்கை. அத்தானின் கண் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். பஞ்சு கீழே விழுந்தது.

"கனமா இருக்கும்னு நினைச்சிட்டே இருந்தேன். அப்படியொண்ணும் இல்ல" என்றார் நர்ஸம்மா.

அவர்கள் கிளம்பும்போது அத்தான் வாசல்வரை கூடவே போனார். கத்தி ஒரு துணியில், உறை இன்னொரு துணியில்.

"வீட்டுக்குப் போனதும் எண்ணெய்த் துணியால முழுசாத் துடைச்சிடுங்க சார், இன்னைக்கே. உறையில மட்டும் போட்டுடாதீங்க. அப்புறம் இந்த இடம்..." காற்றில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "இதை அழுத்தித் தேய்க்காதீங்க. சுத்திப் போங்க."

"துரு பரவாதா?"

"பரவாது. கிரீஸுக்குள்ளேயே அடங்கிப் போச்சு. மேல மெழுகும் போட்டிருக்கேன்." துணிப் பொட்டலத்தை இன்னொரு முறை பார்த்தார். "பரவாதுன்னுதான் நினைக்கறேன். சிவப்பா ஏதாவது தெரிஞ்சா உடனே போன் பண்ணுங்க. என் நம்பர் எழுதிக்கிட்டீங்களா? இன்னொரு தடவை சொல்றேன்."

நர்ஸம்மா படியில் பாதி ஏறியிருந்தார். அங்கிருந்தே குனிந்து, "பரவாது தம்பி. நீ போய்ச் சாப்பிடு முதல்ல" என்றார்.